பழைய பெயர் என்ன?

கொல்கத்தாவில் யாரோடு பேச்சுக் கொடுத்தாலும் இரண்டாவது கேள்வி “டைட்டில் என்ன?” என்பதுதான். குடும்பப் பெயரைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். என் பெயரைச் சொன்னால் முழிப்பார்கள். தமிழ் பேசுகிற கறுத்த பெண்ணுக்கு அப்பட்டமான பிரெஞ்சுப் பெயர். கோவாவா, ஆங்கிலோ இந்தியனா என்று அவர்களாகவே ஒரு கதை கட்டிக்கொள்வார்கள். எனக்கு அலுத்துப்போய்விட்டது.

விஷயம் சாதாரணம். பிரெஞ்சுக்காரன் புதுச்சேரியை ஆண்ட காலத்தில், சாதி வழக்கப்படி நடக்கும் சட்டம் எனக்கு வேண்டாம், பிரெஞ்சுச் சட்டமே போதும் என்று அதிகாரி முன்னால் எழுதிக் கொடுக்கலாம். கொடுத்தவர்கள் புதுக் குடும்பப் பெயர் வைத்துக்கொண்டார்கள். எங்கள் பாட்டனார் ஒரு பெயர் எடுத்தார், அவர் தம்பி வேறு பெயர் எடுத்தார். எங்கள் பெயருள்ளவர்கள் காரைக்காலிலும் உண்டு, பாரிஸிலும் உண்டு. பாதிப் பேர் எங்களுக்குச் சொந்தமே இல்லை. சாதியைக் காட்டும் பழைய பெயரைப் பாட்டனார் அதற்குப் பிறகு வாயால் சொன்னதே இல்லையாம். இன்று வீட்டில் யாருக்கும் அது தெரியாது.

“இந்தப் பேர் இருக்கிற வரைக்கும் நீ யாருன்னு ஒருத்தனும் கேக்க முடியாது” என்று சொல்லியே அம்மா என்னை வளர்த்தார்.

அப்பா போனபின் அம்மா புதுச்சேரியில் தனியாக இருக்கிறார். கூட்டிக்கொண்டு வரலாமென்றால், நான் இருக்கும் நியூ டவுன் அடுக்குமாடியில் அவரோடு தமிழ் பேச ஓர் ஆள் கிடையாது. அதனால்தான் தமிழர்கள் அதிகம் இருக்கும் லேக் மார்க்கெட் பக்கம் வீடு தேடினேன். காலையில் இறங்கினால் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு நாலு பேரோடு பேசிவிட்டு வரலாம். வீட்டுக்காரரும் தமிழர். “நம்ம ஊர்ப் பொண்ணு, வேற யாருக்குக் குடுக்கப் போறேன்” என்று போனில் சொல்லியிருந்தார். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

போனேன். காபி வந்தது. அவர் ஆதாரை வாங்கிப் பார்த்தார். முகம் மாறியது.

“பாண்டிச்சேரி பேங்க்ல வேலை பார்த்தவன்மா நான். இந்த மாதிரிப் பேரை யார் யார் வச்சிக்கிட்டாங்கன்னு எனக்குத் தெரியும். தப்பா எடுத்துக்காத, பழைய பேர் என்ன?”

“தெரியாது சார்.”

“அது எப்படித் தெரியாம இருக்கும்?”

சிரித்துக்கொண்டே கேட்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் பற்றி எரிகிறது. வங்காளிக்குப் புரியாத பெயர் இவருக்குப் புரிந்துவிட்டது. மறைப்பதற்கென்றே எடுத்த பெயர், மறைக்க ஏதோ இருக்கிறது என்று இவரிடம் காட்டிக்கொடுத்துவிட்டது. தமிழ் பேசத்தானே இந்தத் தெருவுக்கு வந்தேன்! தமிழில்தான் கேட்டார். வீட்டை மகன் வேறு யாருக்கோ பேசி வைத்திருப்பது அவருக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. காபியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தேன். நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் வந்ததற்கு என்மேலும்தான் எரிச்சல்.

மெட்ரோ வாசலில் நின்று அம்மாவைக் கூப்பிட்டேன். “வீடு சரியில்லம்மா. தண்ணி வராதாம்” என்றேன்.

அம்மா தண்ணீரைப் பற்றிக் கேட்கவில்லை. “பழைய பேரைக் கேட்டாங்களா?” என்றார்.

ஒருத்தனும் கேட்க முடியாது என்று சொன்ன அதே அம்மா. அவரிடம் எத்தனை பேர் கேட்டிருக்கிறார்களோ, ஒரு நாளும் என்னிடம் சொன்னதில்லை.