குறுகிய முனைத் துப்பாக்கி

நேற்று தெருவில் சரவெடி புகைந்தபோது, குடிகாட்டுப் பக்கம் கம்பெனி மதிலுக்குள் மறைந்துபோன எங்கள் முந்திரித் தோப்பும், கிறிஸ்துமசுக்கு வளர்த்து அங்கே தப்பியோடிய வான்கோழியும், சருகு நொறுங்க அதை விரட்டிவந்த அம்மாவும் மூக்கு வழியே திரும்பி வந்தார்கள்.

வெடிமருந்து வாடை போகாத அப்பாவின் பழைய துப்பாக்கிக்குக் குழல்முனை குறுகல். ரவைகள் அதிகம் பரவாமல் கூட்டமாகப் போகும்.

"ரவை செதறாது, பயப்படாம வெரட்டு!" என்றார் அப்பா, கோழியைக் குறிபார்த்தபடி.

"கைவுட்ட கல்லு சொல்பேச்சு கேக்குமா? நான் எது, கோழி எதுன்னு உங்க துப்பாக்கிக்குத் தெரியுமா?" என்றாள் அம்மா.

வான்கோழி அம்மாவின் புடவையை ஒட்டியே ஓடியது; குழலும் கூடவே நகர்ந்தது. நான் காதைப் பொத்திக் கண்ணை மூடிக்கொண்டேன். வெடிக்கவில்லை. பார்த்தால், அப்பா தோட்டாவை உருவிக்கொண்டிருந்தார்.

"வலைய எடுத்தாம்மா," என்றார் என்னிடம்.

நேற்றும் சரம் ஓயும்வரை பொறுக்காமல், அம்மா அடுப்படியில் இருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டேன்.