வெயில் அடுப்பு

என் மடத்தனத்தை நானே சொல்லிவிடுகிறேன். ஊரார் சொன்னால் கைகால் வைத்துச் சொல்வார்கள். நான் ஓர் அடுப்புச் செய்தேன். அதை எப்படி அணைப்பதென்று மட்டும் யோசிக்கவில்லை.

சமையல் காஸ் கிடைக்காத வருடம் அது. கிளிநொச்சியில் பழைய இரும்புக் கடையொன்றில் ஆளுயர டிஷ் அன்ரனா ஒன்றை வாங்கி, உட்பக்கமெங்கும் உடைந்த கண்ணாடித் துண்டுகளை ஒட்டினேன். வெயிலைப் பார்த்துத் திருப்பினால், முன்னால் இரண்டு முழத்தில் ஒளியெல்லாம் உள்ளங்கையளவு இடத்தில் குவியும். அங்கே கேத்தலைத் தொங்கவிட்டேன். தண்ணீர் கொதித்தது. குனிந்து பார்த்ததில் என் ஒரு பக்கப் புருவமும் பொசுங்கியது.

"மற்றப் புருவத்தை நாளைக்குச் சமையுங்கோ," என்றாள் மனைவி.

எனக்கோ தலைகால் புரியாத பெருமை. எங்கள் பக்கம் யாரும் வெறும் நிலத்தில் நெருப்பு வைப்பதில்லை. கண்ணிவெடி அகற்றியவர்கள் வந்து போனபிறகும் ஆழத்தில் என்ன கிடக்கிறதென்று யாருக்குத் தெரியும்? குப்பை கொளுத்தப்போய்க் கையை இழந்தவர் எங்கள் ஒழுங்கையிலேயே, நாலு வீடு தள்ளி இருக்கிறார். என்னுடையது நிலத்தைத் தொடாத நெருப்பு என்று பக்கத்துக் காணிக்காரியிடம் அளந்தேன். கணவன் காணாமற்போனபின் இரண்டு பெண்பிள்ளைகளோடு தனியே இருப்பவள். ஒரேயொரு பசுவின் பாலை விற்றுத்தான் அந்த வீட்டில் உலை வைத்தார்கள்.

"அண்ணை, உங்கடை சூரியனை என்ரை காணிக்குள்ளை விட்டிடாதேங்கோ," என்று சிரித்தாள்.

ஒருநாள் மத்தியானம் சோறு வெந்ததும் பானையை இறக்கிவிட்டு, டிஷ்ஷை எல்லைப் பனையோடு மேற்குப் பார்க்கச் சாய்த்து வைத்தேன். முன்னால் முள்ளுக்கம்பி, அதற்கப்பால் அவளுடைய காய்ந்த புல். சாக்கால் மூட வேண்டும். பானையை இறக்கினால் சமையல் முடிந்தது என்ற பழக்கத்தில், சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டேன்.

புகை மணத்தில்தான் விழித்தேன். மேற்கே இறங்கிய வெயில் டிஷ்ஷுக்குள் விழுந்து, புல்லைப் பற்றவைத்திருந்தது. நெருப்பு, பசு கட்டியிருந்த கட்டையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. கயிற்றை அவிழ்க்க அவள் ஓடினாள். நான் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை முள்ளுக்கம்பியில் பறிகொடுத்துவிட்டு, அரைக் காற்சட்டையோடு ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்து விழுத்தினேன். அவள் என் கையைக் கடித்தாள். நான் விடவில்லை.

அப்போதுதான் நிலம் வெடித்தது.

மண் விழுந்து அடங்கிய பிறகு, கட்டையும் இல்லை, பசுவும் இல்லை. அவள் எழும்பிச் சட்டையைத் தட்டினாள். பிள்ளைகள் வாசலில் நின்று தாயைக் கூப்பிட்டன. எனக்கு வாய் சும்மா இருக்காது.

"தங்கச்சி, நான் நெருப்பு வைக்கேல்லை. வெயில்தான்..."

"அப்ப வெயிலையே பால் கறந்து தரச் சொல்லுங்கோ."