டெலாலி மறைத்த பழைய கணினி

ஹோ நகரத்து நர்சிங் கல்லூரியின் சர்வரைப் பன்னிரண்டு வருடமாகக் கட்டி மேய்ப்பவள் டெலாலி. மதிப்பெண் ஏறவில்லை, பட்டியல் திறக்கவில்லை என்றால் கல்லூரியே "டெலாலி அக்கா!" என்று அலறும். அது அவளுக்குச் சோறு தண்ணீர் மாதிரி. ஆறு மாதமாக எல்லோரும் அலறுவது "யாய்ரா!" என்று. நேற்றுப் பெய்த மழைக்கு இன்று முளைத்த காளான், புதிதாக வேலைக்குச் சேர்ந்த அந்தப் பெண். வயிறு எரியாதா?

போதாக்குறைக்கு, சர்வரில் கிடந்த பழைய குறியாக்க முறைகளை மூடும் வேலையையும் முதல்வர் யாய்ராவுக்கே கொடுத்தார். அந்தக் காலத்துப் பூட்டுகள் அவை. இன்று யார் வேண்டுமானாலும் உடைத்துவிடலாம். மூடத்தான் வேண்டும். ஆனால் பழைய முறை மட்டுமே தெரிந்த கணினி எங்காவது இருந்தால், அதற்குப் பிறகு சர்வருக்குள் வரவே முடியாது.

"அக்கா, பழைய முறையில இன்னும் யாராச்சும் வர்றாங்களா?" என்று யாய்ரா வந்து கேட்டாள்.

அன்லோகா ஊரில் இருக்கும் கிளையில் அப்படி ஒரு கணினி இருந்தது. டெலாலியே வைத்துக் கொடுத்தது. திங்கட்கிழமை அதிலிருந்துதான் நாற்பது மாணவிகளின் பெயர் தேர்வுக்கு ஏற வேண்டும். அன்றே கடைசி நாள்.

"ஒருத்தரும் இல்லம்மா. தாராளமா மூடு," என்றாள்.

மூடட்டும். முதல்வர் அவளை நிற்கவைத்து நாலு கேள்வி கேட்கட்டும். அப்புறம் யாரைக் கூப்பிடுவார்கள், பார்ப்போம்! அந்த நாற்பது பிள்ளைகளின் நினைப்பு வந்து உறுத்தியது. கடைசி நேரத்தில் நானே ஏற்றிவிட மாட்டேனா என்று மனசுக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

திங்கட்கிழமை புது உடை உடுத்தி வந்து, யாய்ராவின் போன் மேலேயே காதை வைத்து உட்கார்ந்திருந்தாள். எட்டு மணி, ஒன்பது, பத்து. ம்ஹூம், அடிக்கவே இல்லை.

பொறுக்கமாட்டாமல் தானே அன்லோகாவுக்கு அடித்தாள். அங்கே எழுத்தராக இருக்கும் எனியோனம் எடுத்தாள்.

"பேரெல்லாம் ஏறுதா?"

"எட்டரைக்கே முடிஞ்சிருச்சுக்கா! சனிக்கிழமை யாய்ரா வேன் கூட்டத்துல இடிபட்டுக்கிட்டு வந்து, புது கம்ப்யூட்டர் வெச்சுட்டுப் போச்சே. டெலாலி அக்காதான் அனுப்பினாங்கன்னு சொல்லுச்சு. எங்கள ஞாபகம் வெச்சிருக்கிற ஒரே ஆள் நீங்கதான். வெங்காயம் கொடுத்தனுப்பினேனே, வந்துச்சா?"

போனை வைத்துவிட்டுத் திரும்பினால், சின்ன வெங்காயக் கட்டோடு யாய்ரா நிற்கிறாள்.

"யாரைக் கேட்டுடி என் பேரைச் சொன்னே?"

"ரெண்டு வாரமா சர்வர் பதிவைப் பார்த்தேன் அக்கா. அன்லோகா மெஷின் ஒண்ணுதான் பழைய முறையில வந்துச்சு. அது நீங்க வெச்சது. உங்களுக்கே மறந்துபோச்சுன்னு அங்க போய்ச் சொன்னா நல்லாவா இருக்கும்?"

முதல்வரிடம் போட்டுக்கொடுத்திருந்தால்கூட ஒரு மூச்சு சண்டை பிடித்திருக்கலாம். இதற்கு என்ன செய்வது? இந்த நல்ல குணமும் அவளுக்கே வாய்த்திருக்கிறதே என்று டெலாலிக்கு முன்னைவிட அதிகமாக எரிந்தது. வெங்காயத்தை வாங்கிக்கொண்டாள்.