பொம்மைக்குச் சொல்லாமல் பந்தை மாற்றியவள்

உளவியலில் எம்.ஃபில். என்பது, அடுத்தவர் பெற்ற பிள்ளையை எதிரே உட்கார வைத்து, பொம்மை காட்டி மார்க் போடும் தொழில். கேள்வித்தாளும் கையுமாகச் சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் பஸ்ஸில் நின்றபடியே போய்வந்தவர்களுக்கு நான் சொல்வது புரியும். 2009-இல் ஆட்டிசம் உள்ள பிள்ளைகளைப் பற்றி ஆய்வு செய்தபோது, ஒரே ஒரு பிள்ளையிடம் நான் பட்ட பாடு இது.

பூஜ்யம்

செம்மங்குப்பத்துக் கயலுக்கு எட்டு வயது. சோதனை எளிது. அக்கா பொம்மை பந்தைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகும். தங்கச்சி பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் போட்டு மூடும். திரும்பி வரும் அக்கா பந்தை எங்கே தேடுவாள்? மாற்றியது அவளுக்குத் தெரியாதே, அதனால் கூடையில் என்று சொன்னால் மார்க். அடுத்தவர் மனதில் இருப்பதைப் பிள்ளை ஊகிக்கிறது என்று அர்த்தம்.

கயல் என் முகத்தைப் பார்க்காமலே "பொட்டி" என்றாள். மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பொட்டிதான். 'பிறர் மனதை அறியும் திறன் இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, அவள் அம்மா மல்லிகா கேட்டதால் ஒரு நகலும் கொடுத்தேன். அதைப் பத்திரமாக மடித்துக்கொண்டே அவர் சொன்னார்: "யுனிவர்சிட்டி பேப்பரு. ஸ்கூல்ல காட்டுனா மதிப்பா இருக்கும்."

மதித்தார்கள்

தலைமையாசிரியை அதைப் படித்துவிட்டு, ஜூனிலிருந்து கயலை அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஓடினேன். அது ஒரு சோதனை, ஒரு பிள்ளையின் முழு மனசு அல்ல என்று அரை மணி நேரம் வாதாடினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாங்க ஒண்ணும் சொல்லலியேம்மா. நீங்கதான எழுதிக் குடுத்தீங்க?"

சர்க்கரை டப்பா

திட்டு வாங்கத் தயாராக மல்லிகா வீட்டுக்குப் போனேன். அவர் டீ போட்டார். சர்க்கரை டப்பாவைக் கீழ்த்தட்டில் வைத்தவர், உள்ளே பார்த்து, "கயலு, சக்கர டப்பா கீழ வச்சிருக்கேன்" என்று குரல் கொடுத்தார். "சரி" என்று பதில் வந்தது. அவர் கணவர் செருப்பை நகர்த்தினார்; அவரும் உள்ளே பார்த்துச் சொன்னார்.

என்ன இது என்று கேட்டேன். "எத மாத்துனாலும் சொல்லிப்புடுவோம் மேடம். இல்லன்னா தேடித் தேடி அழுவா. அந்தத் தங்கச்சி பொம்மையும் சொல்லியிருக்கும்னு நெனச்சிருப்பா."

போட்ட டீயைக் குடிக்காமலே பஸ் ஏறினேன். என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஒரு வாக்கியம்

சோதனையில் ஒரே ஒரு வாக்கியம் சேர்த்துக்கொள்ளலாமா என்று என் கைடிடம் கேட்டேன். ஊர் உலகமெல்லாம் ஒரே மாதிரி செய்யும் சோதனை என்றார் அவர். ஊர் உலகமெல்லாம் ஒரே மாதிரியா வாழ்கிறது என்றேன் நான். "சேத்துக்கம்மா. ஆனா அந்தப் புள்ள உன் ஆய்வுல இருக்காது. எது வேணும்னு நீயே பாத்துக்க."

சொல்லணும்

தலைமையாசிரியையின் மேசையிலேயே கூடையையும் பெட்டியையும் வைத்தேன். அக்கா பொம்மை கதவுக்கு வெளியே. தங்கச்சிக்குப் பதிலாக அவரையே பந்தை மாற்றச் சொன்னேன். பிறகு நான் சேர்த்த வாக்கியம்: "கயல், டீச்சர் அக்காகிட்ட சொல்லவே இல்ல."

கயலின் முகம் சுருங்கியது. "சொல்லணும்" என்றாள். எழுந்து வெளியே போய், குனிந்து, பொம்மையின் காதில், "பந்து பொட்டில" என்றாள்.

தலைமையாசிரியை பெட்டியிலிருந்து பந்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "எங்க ஸ்டாஃப் ரூம்ல ஒருத்தருக்கும் இந்தப் பழக்கம் கெடையாது. ஜூன்ல அனுப்பச் சொல்லுங்க."

என் ஆய்வில் ஒரு பிள்ளை குறைந்துவிட்டது. பிறர் மனதை அறியாதவர் பட்டியலில் காலியான அந்த இடத்துக்கு நியாயமாக என் பெயர்தான் வரவேண்டும்.