மாமா அனுப்பிய போட்டோ

புயலைவிட எனக்கு அதிகச் சேதம் செய்தது என் தாய்மாமா எடுத்த ஒரு போட்டோதான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

கும்மிடிப்பூண்டி கம்பெனிகளுக்குப் பின்னால் இருக்கிறது எங்கள் காலனி. புயல் ஓய்ந்து மூன்று நாளாகியும் கரண்ட் இல்லை, செல்போனுக்கு டவர் இல்லை. கைக்குழந்தையான தம்பிக்குப் பால் பவுடர் தீர்ந்துபோய் அம்மா கையைப் பிசைந்துகொண்டிருந்தாள். வாட்ஸ்அப்பில் உதவி கேட்கலாம் என்றார் மாமா. முதலில் தம்பியைத்தான் படம் எடுத்தார். அந்தத் தடியன் பொக்கை வாயைக் காட்டிச் சிரித்துத் தொலைத்தான். இது வேலைக்கு ஆகாது என்று என்னைப் பிடித்து நிறுத்தினார். துணியெல்லாம் ஈரம், அம்மாவின் நைட்டியைத் தூக்கிச் செருகியிருந்தேன். கையில் காலி டப்பாவைத் திணித்தார்.

"சிரிக்காத பாப்பா. மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கினு நில்லு."

ஏரி உடைந்து தெருவுக்கே வந்திருந்த கெண்டை மீனை அப்போதுதான் மூக்குமுட்டத் தின்றிருந்தேன். இருந்தாலும் நடிப்பு நன்றாகவே வந்தது. மாமா புதுவாயல் வரை சைக்கிள் மிதித்து, டவர் கிடைத்த இடத்தில் நின்று, காலனி விலாசம் எழுதி அதைத் தன் கம்பெனி குரூப்பில் போட்டார்.

மறுநாளே ஒரு டெம்போ வந்தது. பால் பவுடர், மெழுகுவர்த்தி, பிரெட் எல்லாவற்றையும் காலனியே பங்கு போட்டுக்கொண்டது. தம்பி வயிறு நிறைந்து தூங்கினான். ஆனால் மாமா தேதி போட மறந்திருந்தார். கரண்ட் வந்தது, பள்ளிக்கூடம் திறந்தது, பிரெட் மட்டும் நிற்கவில்லை. ஊத்துக்கோட்டையிலிருந்தும் திருநின்றவூரிலிருந்தும் யார் யாரோ கொண்டுவந்து இறக்கினார்கள். காலனி ஆடுகள்கூட பிரெட்டைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொண்டன. பள்ளியில் எனக்குப் பட்டினிப் பாப்பா என்று பெயர் வைத்துவிட்டார்கள். போட்டோவை அழிக்கச் சொல்லி மாமாவிடம் அழுதேன்.

"என் போன்ல அழிச்சிட்டேன்மா. ஊரு போன்லலாம் கீதே, அதுக்கு நான் இன்னா பண்றது?"

அப்பாவை நாங்கள் நைனா என்றுதான் கூப்பிடுவோம். லாரி டிரைவர். புயலன்று லோடோடு நெல்லூரைத் தாண்டிப் போயிருந்தவர் அடுத்த வாரக் கடைசியில்தான் வந்தார். மாமாவுக்கு நன்றாகத் திட்டு வாங்கிக் கொடுக்க வேண்டும் என்று ஓடினேன். கூட வந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் தன் போனை எடுத்துக் காட்டினார். அதிலும் நான், நைட்டியும் டப்பாவுமாக.

"ஊட்டுக்கு போன் போவலன்னு நாலு நாளா சோத்துல கைய வைக்கல உங்க நைனா. எங்க குரூப்ல இது வந்துச்சு பாரு, சார்ஜ் தீர்ற வரைக்கும் என் போன கீழ வைக்கல."

அழிக்கச் சொல்லுங்கள் என்று நைனாவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். எதைக் கேட்டாலும் தலையாட்டும் மனிதர், முடியாது என்றார். அதோடு விட்டாரா? பட்டன் போனே போதும் என்று இருந்தவர், அந்த வாரமே டச் போன் வாங்கி, முதல் வேலையாக அந்தப் போட்டோவை அதில் ஏற்றிக்கொண்டார்.

சார்ஜ் தீரும்வரை என் கோலத்தைப் பார்த்துச் சிரித்திருக்கிறார், அதுவும் போதாமல் போன் வேறு வாங்கியிருக்கிறார் என்றுதான் எனக்குப் புரிந்தது. இரண்டு நாள் நான் அவரோடு பேசவேயில்லை.