ஜெட்டைப் பார்க்கப் போய் இழந்த கோதுமை

வீட்டில் மாவு தீர்ந்து இரண்டு நாள். இன்று எங்கள் போபோடிப் பேட்டை ரேஷன் கடை வரிசையில் இடம்பிடிக்கப் பையை வைத்துவிட்டு நிழலில் நின்றேன். பை, மனைவியின் பழைய பாவாடையில் தைத்தது.

தலைக்கு மேல் விமானப்படையின் புது ஜெட் அலறியது. பாதிப்பேர் தெருவுக்கு ஓடினோம்.

"இதுல ஒண்ணோட வெலைக்கு நம்ம சந்துக்கெல்லாம் கொழாய் போடலாமே, பாய்!" என்றேன்.

வரிசையில் எனக்கு அடுத்துப் பை வைத்திருந்த தையல்கடை காசிம் சிரித்தார். "எதிரி வந்தா தண்ணியடிச்சா வெரட்டுவீங்க, அண்ணே?"

திரும்பி வந்தால், எங்கள் இருவருடையது உட்பட ஆளில்லாத பைகளெல்லாம் ஓரத்தில் கிடந்தன. கோதுமை தீர்ந்துவிட்டது.

"கோதுமை தீந்துபோச்சாம். அந்த ஜெட்டுக்கு ஊத்துற எண்ணெய் என்னைக்காவது தீந்துருக்கா, பாய்?" என்று கத்தினேன்.

காசிம் காலிப் பையை உதறிக்கொண்டிருந்தார்.

நாளையும் அது பறக்கும். அண்ணாந்து பார்க்காத ஆள் யாராவது இருந்தால் சொல்லுங்கள். என் பைக்குக் காவல் வேண்டும்.