வெள்ளைப் பெட்டிக்கு விழுந்த ஓட்டு

யுத்தம் முடிந்த சமயம். மயிலாப்பூரில் கடலோரமாக இருந்த எங்கள் தெருவில் இரும்புக் குழாய்கள் மண்ணுக்குள் போகாமல் வருஷக்கணக்கில் வெளியே கிடந்து துருப்பிடித்தன. கார்ப்பரேஷன் ஆட்கள் இறக்கிவிட்டுப் போனதோடு சரி. தண்ணீர்க் குழாயைக் கிழக்குக் கோடியில் வைப்பதா, மேற்குக் கோடியில் வைப்பதா என்று இரண்டு கட்சிகள் அடித்துக்கொண்டன. கிழக்குக் கோடியில் ஒரு கட்சியின் வக்கீல். மேற்குக் கோடியில் மற்ற கட்சியின் ஜவுளிக்கடைக்காரர். தியாகராய நகரில் கடை, இங்கே வீடு. ஒருவர் மனுக் கொடுத்தால் மற்றவர் மறுநாளே எதிர்மனு. இருவர் வீட்டுக்குள்ளும் பெரிய ரோட்டிலிருந்து தனிக் குழாய் வந்துகொண்டிருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

தெருவின் நடுவில் இருந்த வீட்டில் நானும் என் தங்கையும் குடியிருந்தோம். நான் பள்ளிக்கூட டீச்சர். தங்கை புருஷனுக்குக் கப்பலில் வேலை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குடிக்கவும் சமைக்கவும் அடுத்த தெருவிலிருந்து தூக்கி வர வேண்டும். ஆறு மாதப் பிள்ளைத்தாய்ச்சியாக இருந்தபோது தங்கை அப்படித் தூக்கி வந்து வாசற்படியில் வழுக்கி விழுந்தாள். குழந்தை தங்கவில்லை. அந்த நேரத்தில் நான் வகுப்பில் வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தேன்.

துக்கம் விசாரிக்க வக்கீல் வந்தார். "கிழக்கே வெச்சிருந்தா இப்படி ஆகியிருக்குமா? அவா விட்டாத்தானே" என்றார். அவர் எழுந்து போன நாற்காலியின் சூடு ஆறுவதற்குள் ஜவுளிக்கடைக்காரர் வந்து உட்கார்ந்தார். "மேக்க வச்சிருந்தா ஒரு குறையும் வந்திருக்காது தாயி. அந்தக் கட்சிக்காரனுவ கெடுத்துட்டானுவ" என்றார். பாயில் சுருண்டு படுத்திருந்தவளை இருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. இழவு வீட்டில் உட்கார்ந்து ஓட்டுக் கேட்டார்கள், வேறென்ன.

தங்கைக்கு வைத்தியம் பார்த்தது எங்கள் தெரு நர்சம்மா. அன்றைக்கு எல்லாவற்றையும் கேட்டபடி மூலையில் துணியை மடித்துக்கொண்டிருந்தார். இருவரும் போனதும், "கொழாய நடுவுல வச்சா இவங்களுக்கு இன்னா கொறஞ்சிப் போவுது? வர்ற கார்ப்பரேஷன் எலக்‌ஷன்ல நானே நிக்கிறேன்" என்றார். ஏதோ ஆத்திரத்தில் சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த வாரமே மனுத் தாக்கல் செய்துவிட்டார்.

அப்போதெல்லாம் ஆளுக்கொரு நிறப் பெட்டி. வக்கீலுக்குப் பச்சை, ஜவுளிக்கடைக்காரருக்குச் சிவப்பு, நர்சம்மாவுக்கு வெள்ளை. உடனே தெருவில் பேச்சுக் கிளம்பியது. அந்த அம்மாளைச் சிவப்புதான் நிறுத்தியிருக்கிறது என்று கிழக்கே சொன்னார்கள். பச்சைதான் நிறுத்தியிருக்கிறது என்று மேற்கே சொன்னார்கள். தண்ணீர் வேண்டும் என்று ஒரு மனுஷி தானாகவே நிற்கலாம் என்பது ஒருவர் மண்டையிலும் ஏறவில்லை.

பிறகு ஒரு நாள், கல்யாணத்துக்குக்கூட ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத அந்த இருவரும் ஒரே காரில் வந்து எங்கள் வீட்டு வாசலில் இறங்கினார்கள். நர்சம்மா தங்கையைப் பார்க்க வந்திருந்தார்.

"நீங்க ஜெயிக்கப் போறதில்லே. வீணா ஓட்டைப் பிரிக்காதேங்கோ" என்றார் வக்கீல். ஜவுளிக்கடைக்காரர் ஆமோதித்துத் தலையாட்டினார்.

"பிரிக்கறதுக்கு அது இன்னா உங்க வூட்டு பாகமா?" என்றார் நர்சம்மா. "தோத்தா தோத்துட்டுப் போறேன். நீங்க கெளம்புங்க."

இதே நியாயத்தை அதற்குப் பிறகு எத்தனையோ வாயிலிருந்து கேட்டுவிட்டேன். அவனுக்குப் போடாவிட்டால் இவன் வந்துவிடுவான், இவனுக்குப் போடாவிட்டால் அவன் வந்துவிடுவான். இரண்டு பேரில் ஒருவனைத்தான் பிடிக்க வேண்டும் என்று யார் எழுதி வைத்தது? இருவருமே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் கிடையாதா? குழாய் வந்துவிட்டால் அவர்களுக்கு அடித்துக்கொள்ள விஷயம் தீர்ந்துவிடும். நாங்கள் குடம் தூக்கும்வரைதான் அவர்கள் பிழைப்பு.

அப்போது வரியோ வாடகையோ கட்டுகிறவர்களுக்குத்தான் ஓட்டு. வாடகைச் சீட்டு என் பெயரில் இருந்ததால் எனக்கு உண்டு. விழுந்தவளுக்குக் கிடையாது. அவளுக்கும் சேர்த்துத்தான் வெள்ளைப் பெட்டியில் போட்டேன்.

நர்சம்மா தோற்றார். டெபாசிட்டும் போயிற்று. வக்கீல் மயிரிழையில் ஜெயித்தார். ஆனால் எங்கள் தெருப் பெட்டிகளைக் கொட்டியபோது வெள்ளைதான் நிறைந்திருந்தது. ஜெயித்தவருக்கும் வேர்த்தது, தோற்ற ஜவுளிக்கடைக்காரருக்கும் வேர்த்தது. அந்த மாதமே கூலியாட்கள் கடப்பாரையோடு வந்தார்கள். எங்கள் வீட்டுக்கு நேர் எதிரே, தெருவின் நடுவில், குழாய் எழுந்து நின்றது.

திறப்பு விழாவுக்கு நர்சம்மாவை யாரும் கூப்பிடவில்லை. குழாய்க்கு ஒரு பக்கம் வக்கீலும் மறு பக்கம் ஜவுளிக்கடைக்காரரும் மாலையும் கழுத்துமாக நின்றார்கள். இது தன் முயற்சி என்று இருவருமே பேசினார்கள். எதிர் வீடு என்பதால் முதல் குடம் பிடிக்கத் தங்கையைக் கூப்பிட்டார்கள். அவள் குடத்தை வைத்தாள். குழாயைத் திறக்கவில்லை.

"இது எத்தினி நாள் வேலைங்க?" என்று கேட்டாள்.

"நாலே நாளு தாயி. ஆளு வச்சு முடிச்சுட்டோம்ல" என்றார் ஜவுளிக்கடைக்காரர், பெருமையாக.

"அப்போ போன வருஷமே முடிஞ்சிருக்கும்" என்றாள் அவள்.

குரலை உயர்த்தவில்லை. வக்கீல் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். ஜவுளிக்கடைக்காரர் கார் நின்ற பக்கம் திரும்பினார். கைதட்டக் கூடியிருந்தவர்களில் ஒருவரும் கைதட்டவில்லை. தங்கை குழாயைத் திறந்து குடத்தை நிரப்பி இடுப்பில் வைத்துக்கொண்டாள். எதிர் வாசல்தானே, தண்ணீர் ஒரு தரம் அலம்புவதற்குள் வீட்டுக்குள் வந்துவிட்டாள்.